தானாக எழுந்த இயந்திரம்

அன்று மேல்மாடிக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு ஆளுக்கொரு கதை கட்டினார்கள்.

நீள மேசையின் தலைமாட்டில் பெரியவர். நிறுவனம் அவருடையது, குடும்பமும் அவருடையது; இரண்டுக்கும் நடுவே அவர் ஒருநாளும் கோடு கிழித்ததில்லை. அவருக்கு வலப்புறம் இளைய மகன் சின்னவன், வாடிக்கையாளர்களைக் கட்டிக்காப்பவன். இடப்புறம் மூத்த மருமகள். மூத்த மகன் மாரடைப்பில் போன பிறகு, அவன் விட்டுப்போன இயந்திரங்களைக் கவனித்துக்கொள்பவள் அவள்தான். எதிரே டாக்டரம்மா. அவருடைய ஸ்கேன் நிலையங்களில் எடுக்கும் படமெல்லாம் இந்த நிறுவனத்தின் இயந்திரங்களில்தான் குடியிருந்தன. ஜன்னலோரம் துப்பறிவாளர். தீப்பிடித்த குடோன்களை இன்சூரன்ஸ்காரர்களுக்காக விசாரித்துப் பழகியவர். சாம்பல் ஆறும்வரை வாயைத் திறக்காததால் 'நிதானம்' என்று பெயர். அவர் பக்கத்தில் அவருடைய உதவியாளர் 'பட்டாசு', திரி கிள்ளாமலே வெடிக்கும் பெண்மணி.

ஆறு பேர். கதவு சாத்தியிருந்தது. அத்தனை பேரும் பார்த்திருக்க, டாக்டரம்மாவின் டேப்லெட்டில் விரிந்திருந்த மூளைப் படம் மறைந்து, திரை வெளுத்துப்போனது.

"பாத்தீங்களா?" என்றான் சின்னவன். "இதோ, மறுபடியும்!"

மருமகளின் இரண்டு கைகளும் மேசைமேல் இருந்தன. போனைக்கூட நிதானம் முன்னமே வாங்கி வைத்திருந்தார். அவள் கைகளை எடுக்கவில்லை; எடுத்தால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வார்களோ என்று பயந்தவள்போல வைத்தபடியே இருந்தாள்.

டாக்டரம்மா டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். "போன வாரம் நான் இங்க உக்காந்திருக்கப்ப இதேமாதிரிதான் நின்னுச்சு. அந்த நேரத்துல என் நிலையத்துல தலையில அடிபட்ட ஒரு பையன் படுத்திருந்தான். படம் திறக்கல. படம் பாக்காம எங்க கத்தி வைக்கறதுன்னு சர்ஜன் காத்துக்கிட்டு நின்னார். பையன் பொழச்சுக்கிட்டான். ஆனா இன்னும் பேச்சு வரல ஐயா. தாமதத்தாலதானான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது."

பெரியவர் முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்பவர். அப்போது இன்னும் விறைத்தார். அவர் வீட்டு வாசலில் கடன்காரன் நின்றதில்லை, போலீஸ்காரன் நின்றதில்லை. ஒரு தாய் வந்து 'என் பிள்ளைக்குப் பேச்சைத் திருப்பிக் கொடு' என்று நின்றால் என்ன சொல்வது?

"ஓசி சாப்ட்வேர் வெச்சா இப்படித்தான்," என்றான் சின்னவன். "அண்ணன் ஆசைப்பட்டு வெச்சார், சரி. அதுக்குப் பாஸ்வேர்டு அண்ணிகிட்ட மட்டும்தான் இருக்கு. முன்னாடியே நேரம் குறிச்சு வெச்சுட்டு, இங்க வந்து கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா யாருக்குத் தெரியும்?"

"உங்கம்மா சோறு ஓசியிலதான போட்டாங்க? அதுல ஏதாவது குறை இருந்துதா?" என்றாள் பட்டாசு.

"பட்டாசு," என்றார் நிதானம். அவள் வாயில் விரல் வைத்துக்கொண்டாள்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "நாளைக்குச் சாயங்காலம்வரைக்கும் பாப்பேன். தெளிவு கிடைக்கலன்னா சாவி, பாஸ்வேர்டு எல்லாத்தையும் மருமக என்கிட்ட ஒப்படைக்கட்டும். ஒப்படைச்சுட்டு அவங்க அம்மா வீட்டுல இருக்கட்டும்."

மருமகள் தலையை ஆட்டினாள். மறுத்துப் பேசவில்லை. அது பெரியவருக்கு ஏனோ பிடிக்கவில்லை.

இந்தப் பேச்சு முடிவதற்குள் டேப்லெட்டில் மணி ஒலித்தது. டாக்டரம்மா திருப்பிப் பார்த்தார். மூளைப் படம் மறுபடி வந்திருந்தது.

நிதானம் அப்போதுதான் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். "அட! இதை யார் எழுப்பினது?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "டாக்டரம்மா மறுபடி எப்ப வருவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"நாளைக்குக் காலையில. நானே நேரம் குறிச்சு வரவழைக்கறேன்," என்று எழுந்தான் சின்னவன். "நாளைக்கும் விழும், பாத்துக்கிட்டே இருங்க." டாக்டரம்மாவைக் கார்வரை கொண்டுவிட அவன் கூடவே இறங்கிப் போனான்.

கதவு மூடியதும் பட்டாசு விரலை எடுத்தாள். "சார், அந்த மெஷினுக்கு டாக்டர்னா பயம்போல. அவங்க வரப்ப எல்லாம் மயங்கி விழுது. ஊசி போட்டுடுவாங்கன்னு நினைக்குதோ?"

"சிரிக்கறதுக்கு இது நேரமில்ல," என்றார் பெரியவர்.

"சிரிக்கல ஐயா. நிஜமாவே சந்தேகம்."

நிதானம் மருமகள் பக்கம் திரும்பினார். "நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லம்மா. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. உங்க மெஷின்களை ஒரு வீடுன்னு வெச்சுக்குவோம்."

"மூணு வீடு சார்," என்றாள் அவள். "கீழ் அறையில மூணு பெரிய சர்வர் இருக்கு. மூத்தது, நடு, கடைசின்னு எங்க வீட்டுக்காரர்தான் பேர் வெச்சார். ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் நிறைய குடித்தனம். டாக்டரம்மா படங்கள் ஒரு குடித்தனம், வேற பள்ளிக்கூடம் ஒண்ணு, அச்சகம் ஒண்ணு. ஒருத்தர் சத்தம் இன்னொருத்தருக்குக் கேக்காது. அந்தச் சுவரை எழுப்பி, அறைக் கதவைத் திறந்து மூடறது ஹைப்பர்வைசர்ங்கற மென்பொருள். வீட்டுக்கு ஒண்ணு."

"வாட்ச்மேன்," என்றாள் பட்டாசு.

"ஆமா. மூணு வாட்ச்மேனுக்கும் மேல ஒரு மேனேஜர். அதுதான் சின்னவர் ஓசின்னு சொன்ன கிளவுட் மேலாண்மை மென்பொருள். உலகத்துல யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், உள்ள திறந்து படிக்கலாம். யாரை எந்த வீட்டுல வைக்கணும், யாரைக் காலி பண்ணணும், எல்லாம் மேனேஜர் சொல்லும், வாட்ச்மேன் செய்வார்."

"நல்லது. அந்தக் குடித்தனம் விழுந்துச்சு. கொஞ்ச நேரத்துல தானா எழுந்துச்சு. யார் எழுப்பினது?"

"மேனேஜர். இது முக்கியமான குடித்தனம், விழுந்தா தூக்கி நிறுத்துன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"நீங்களே படுக்க வெச்சாலும் தூக்குமா?"

மருமகள் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "தூக்காது சார். நான் மேனேஜர்கிட்ட சொல்லித்தான் நிறுத்துவேன். நான் சொல்லி நிறுத்தினதை அது ஏன் எழுப்பப் போகுது? நானா எழுப்பற வரைக்கும் படுத்தேதான் கிடக்கும்."

பெரியவருக்குச் சுருக்கென்றது. "இதை ஏம்மா நீ முன்னாடியே சொல்லல?"

"என்கிட்ட 'ஏன் பண்ணினே'ன்னுதான் கேட்டாங்க மாமா. 'பண்ணினியா'ன்னு யாரும் கேக்கலையே."



நிதானம் எதையும் காதால் கேட்டு நம்புகிறவர் இல்லை. வாடிக்கையாளர் யாரும் இல்லாத ஒரு சோதனை இயந்திரத்தை, இன்னொரு குடித்தனம்போலச் சர்வருக்குள் எழுப்பச் சொன்னார். அதற்கும் 'முக்கியமானது' என்று முத்திரை குத்தச் சொன்னார். முதல் முறை மேனேஜர் வழியாக நிறுத்தினாள் மருமகள். டீ வந்தது, குடித்தார்கள், கோப்பை காய்ந்தது. இயந்திரம் செத்த பாம்பாகக் கிடந்தது. அவளே எழுப்பினாள். அடுத்த முறை மேனேஜரைத் தொடாமல், அது குடியிருந்த சர்வருக்குள்ளேயே நுழைந்து, வாட்ச்மேனிடம் நேராகச் சொல்லிச் சாய்த்தாள். டீ தீரவில்லை, இயந்திரம் தூசி தட்டிக்கொண்டு எழுந்து நின்றது.

"ஆக," என்றாள் பட்டாசு, "வாட்ச்மேனைக் கையில போட்டுக்கிட்டு எவனோ குடித்தனக்காரர் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளறான். மேனேஜருக்கு விஷயமே தெரியாது. 'அடடா, தவறி விழுந்துட்டாரே'ன்னு ஓடிவந்து தூக்கி விடுது. பாவம், ரொம்ப நல்ல மேனேஜர்."

"மேல கைவெக்க முடியாதவங்க, கீழ கைவெச்சிருக்காங்க," என்றார் நிதானம். "மேலே பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டும். கீழே?"

மருமகள் தரையைப் பார்த்தாள். "மூணு வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் சார். அவர் வெச்சது. இதுவரைக்கும் மாத்தல."

"ஏன்?"

பெரியவர் சொன்னார்: "நான்தான் மாத்தக் கூடாதுன்னேன். என் பிள்ளை கையால வெச்சது அது ஒண்ணுதான் பாக்கி இருக்கு."

"அந்த அறைச் சாவி?"

"வீட்டு ஆளுங்க எல்லார்கிட்டயும் இருக்கு. வீட்டு ஆளுங்ககிட்ட இருந்து எதைப் பூட்டறது?" கேள்வியாகத்தான் சொன்னார். சொல்லி முடிக்கும்போதே அது வேறு கேள்வியாகிவிட்டது அவருக்கே தெரிந்தது.

நிதானம் எழுந்தார். "அம்மா, டாக்டரம்மா குடித்தனம் இப்ப எந்த வீட்டுல இருக்கு?"

"ஆரம்பத்துல இருந்தே மூத்ததுலதான்."

"அதை எழுப்பாம, நிறுத்தாம, வேற வீட்டுக்கு மாத்த முடியுமா?"

"ஓடிக்கிட்டிருக்கப்பவே மாத்தலாம் சார். தூங்கற குழந்தையைத் தொட்டில் மாத்திப் போடற மாதிரி. உள்ள இருக்கறவங்களுக்கே தெரியாது."

"ராத்திரி கடைசி வீட்டுக்கு மாத்திடுங்க. மேனேஜர் வழியா யார் ஆணை போட்டிருந்தாலும், குடித்தனம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஆணை பின்னாலேயே போய்ச் சேந்துடும். அப்படி நாளைக்கு விழுந்துச்சுன்னா இங்கிருந்து போகவேண்டியது நீங்கதான், நான் பரிஞ்சு பேச மாட்டேன். ஆனா மூத்த வீட்டு வாட்ச்மேனுக்கு எவனோ முன்கூட்டியே அலாரம் வெச்சுச் சொல்லியிருந்தா, அவர் நேரம் வந்ததும் காலி அறைக் கதவைத்தான் தட்டிக்கிட்டு நிப்பார்." பிறகு பெரியவரைப் பார்த்தார். "ஐயா, இது நம்ம நாலு பேருக்குள்ள இருக்கணும்."

"என் வீட்டு ஆளுங்ககிட்ட நான் எதையும் ஒளிச்சதில்ல."

"ஒளிக்கச் சொல்லல. கேட்டா சொல்லிடுங்க. கேக்காதவங்களுக்கு எதுக்கு?"

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சின்னவன் எதுவும் கேட்கவில்லை. 'அண்ணி பாவம்தான், ஆனா தொழில்னு ஒண்ணு இருக்குல்லப்பா' என்று மட்டும் சொன்னான். பெரியவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

மறுநாள் காலை அதே கூடம், அதே நாற்காலிகள். பட்டாசின் நாற்காலி மட்டும் காலி. "வயித்து வலியாம்," என்றார் நிதானம். அந்தப் பெண்ணுக்கு வயிறு வலிக்குமே ஒழிய வாய் வலிக்காது என்று டாக்டரம்மாகூடச் சிரித்தார்.

டேப்லெட் மேசை நடுவில் நின்றது. சின்னவன் பேசிக்கொண்டே இருந்தான். வெளியே பெரிய நிறுவனம் ஒன்று வாடகைக்கு இடம் தருகிறது, அங்கே போய்விட்டால் இந்தத் தொல்லையே இல்லை, தானே முன்னின்று எல்லாம் மாற்றித் தருகிறேன் என்று. பேச்சின் நடுவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தை. இரண்டும் ஒன்றையே சொல்லின போலும். டேப்லெட்டைப் பார்த்தான். மூளைப் படம் அசையாமல் இருந்தது. டாக்டரம்மா அதைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், சொன்னபடி கேட்டது.

"இன்னிக்கு விழலையே!" என்றார் அவர்.

மருமகள் முதன்முறையாக மூச்சை முழுதாக விட்டாள். டாக்டரம்மா முகம் தெளிந்தது. சின்னவன் முகத்தில் மட்டும் பந்தியில் இலை போட்டுச் சோறு வராதவனின் தவிப்பு. பெற்றவனுக்குப் பிள்ளை முகம் படிக்கத் தனிக் கண்ணாடி வேண்டுமா? பெரியவர் படித்துவிட்டார். படித்ததை மூடி வைக்க எங்கும் இடம் கிடைக்கவில்லை.

"ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்," என்று சின்னவன் எழுந்து போனான்.

நிதானம் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "ஐயா, கீழ ஒருதடவை போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்றார்.

"நானும் வரேன்," என்றார் டாக்டரம்மா. பெரியவர் முன்னே நடந்தார்.

கீழ் அறை எப்போதும் குளிர்ந்திருக்கும். குளிரில் தலைவலி வரும், எனக்கு மவுஸ் பிடிக்கவே வராது என்று சொல்லிச் சின்னவன் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை, பெரியவர் அறிந்தவரை. இப்போது 'மூத்தது' என்ற சர்வரின் முன்னே, சிறிய திரைக்கு எதிரே, முதுகு காட்டி நின்றான். விரல்கள் விசைப்பலகையில் ஹார்மோனியக்காரன்போல ஓடின. திரையில் அந்த வீட்டுக் குடித்தனங்களின் பெயர்கள் வந்தன. அவன் மறுபடி தட்டினான். மறுபடி அதே பெயர்கள். தேடிய பெயர் இல்லை.

"வீடு காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க சார்," என்று ஒரு குரல் கேட்டது. 'கடைசி'யின் பின்னாலிருந்து பட்டாசு வந்தாள். இரண்டு சால்வை போர்த்தியும் பல் தந்தியடித்தது. "விலாசம் வேணும்னா நான் தரேன். இன்னும் கொஞ்ச நேரம் நீங்க வராம இருந்திருந்தா என்னை ஐஸ்கட்டியா வெட்டித்தான் எடுத்திருக்கணும்."

சின்னவன் திரும்பினான். வாசலில் அப்பா. அவருக்குப் பின்னால் டாக்டரம்மா, நிதானம், கடைசியாக அண்ணி.

"கேபிள்... கேபிள் லூசா இருக்கான்னு பாக்க வந்தேன்பா."

"மவுஸ் பிடிக்கத் தெரியாதுன்னியே," என்றார் பெரியவர்.

"இதுக்கு மவுஸ் வேணாம் ஐயா," என்றார் நிதானம் மெதுவாக. "உங்க மகன் மவுஸ் இல்லாமலே எல்லாம் செய்வார். டாக்டரம்மா வர நேரத்தை அவரேதான் குறிச்சார். அதே நேரத்துக்கு இங்க வாட்ச்மேனுக்கும் அலாரம் வெச்சார். ஆணை இந்த வீட்டோட நிக்கும்னு தெரியும். குடித்தனம் வீடு மாறும்னு மட்டும் யோசிக்கல."

"ஏண்டா?" என்றார் பெரியவர்.

சின்னவன் சிரிக்கப் பார்த்தான், உதடு கோணியது. "இந்த மூணையும் அண்ணனும் நானும் சேந்துதான் ஏத்தினோம். அந்த ரேக்ல ஒவ்வொரு ஸ்க்ரூவும் நான் முடுக்கினது. இந்த ஹைப்பர்வைசரைப் போட்டதே நான்தான். நீங்க வந்தவங்க போனவங்ககிட்ட எல்லாம் 'என் மூத்தவன் கட்டினது'ன்னீங்க. ஒருதடவை, ஒரே ஒருதடவை, என் பேரைச் சொன்னீங்களா? சரி, அண்ணன் போனார். அப்பவாவது? சாவியைத் தூக்கி அண்ணி கையில குடுத்தீங்க. மவுஸ் பிடிக்கத் தெரியாதுன்னு நான் சொன்னது விளையாட்டுக்கு. நீங்க நம்பினீங்க பாருங்க, அதுதான்பா..."

"அந்தப் பையனுக்குப் பேச்சு வரல," என்றார் டாக்டரம்மா.

"அஞ்சு நிமிஷம்தான் விழும், தானா எழுந்துக்கும்னு எனக்குத் தெரியும். அந்த நேரத்துல ஒருத்தன் படுத்திருப்பான்னு..." அவன் அண்ணியைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தான். "கோளாறுன்னு சொல்லிடுங்கப்பா. மெஷின் கோளாறு. நம்ம வீட்டு மானம் வெளிய போக வேணாம்."

மானம். அந்தச் சொல்லை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று பெரியவர் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

டாக்டரம்மா பெரியவர் பக்கம் திரும்பினார். "உங்களை எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும் ஐயா. இனிமே விழாதுன்னு நீங்க வாக்குக் குடுத்தா எனக்குப் போதும். கோளாறுன்னே இருக்கட்டும். அந்தப் பையனோட அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு மட்டும் நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

நிதானமும், "என் வேலை முடிஞ்சுது. இதுக்கு மேல உங்க வீட்டு விஷயம்," என்றார். பட்டாசு சால்வையை மடித்தாள்.

"பாஸ்வேர்டை இப்பவே மாத்தும்மா," என்றார் பெரியவர் மருமகளிடம். "மூணுக்கும். எனக்கும் சொல்லாத."

"சரி மாமா." அவள் உட்கார்ந்தாள். சின்னவன் விலகி வழி விட்டான். ஒரே வீட்டுச் சோறு தின்றவர்கள், பஸ்ஸில் இடம் மாறும் முன்பின் தெரியாதவர்கள்போல ஒருவரையொருவர் உரசாமல் நகர்ந்தார்கள்.

பெரியவர் படியேறினார். கோளாறு என்றால் கோளாறு. யாரும் பெயர் கேட்கப் போவதில்லை. மகன் தலை தப்பும், பரம்பரை தப்பும், மருமகளும் சாவியோடு இருந்துகொள்வாள். ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டுதான் ஏறினார். அப்படி ஏறி அவருக்குப் பழக்கமில்லை.

முன்கூடத்தில் வரவேற்பு மேசைப் பெண் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தாள். தாழ்த்திய குரல்தான் தூரம் போகும்.

"ஆமாக்கா, மருமகதான்... பின்ன? சொத்துல பங்கு கேட்டாங்களாம். குடுக்க மாட்டேன்னதும் மெஷினை நிறுத்திட்டாங்களாம்... ஆமா, அந்தப் பையன் விஷயம் வேற. புருஷன் போனப்புறம் துளிர் விட்டுப்போச்சு... இன்னிக்குச் சாயங்காலம் பெட்டியைக் கட்டி அனுப்பறாங்களாம்..."

நிமிர்ந்தாள். எதிரே பெரியவர் கையை நீட்டியபடி நின்றார். அவள் எழுந்து போனை அவர் கையில் வைத்தாள்.

"யாரும்மா பேசறது?"

அந்தப் பக்கம் தடுமாறியது. டாக்டரம்மாவின் ஸ்கேன் நிலையத்திலிருந்து, டோக்கன் கொடுக்கிற அக்கா என்று பதில் வந்தது.

பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"நான் இந்தக் கம்பெனி முதலாளி பேசறேன். நீ கேள்விப்பட்டது தப்பு. மெஷினை நிறுத்தினது என் மருமக இல்ல. என் ரெண்டாவது மகன். அவ பங்கு எதுவும் கேக்கல. அவளை யாரும் எங்கயும் அனுப்பல."